அப்டேட் முடிந்தது, வைஃபை போனது: பழைய லேப்டாப்பைச் சரிசெய்ய ஒரு முழு வழிகாட்டி

இரவு ‘அப்டேட் அண்டு ஷட் டவுன்’ கொடுத்துவிட்டுப் படுக்கிறோம். காலையில் லேப்டாப்பைத் திறந்தால் திரையின் மூலையில் வைஃபை சின்னம் இருந்த இடத்தில் ஓர் உருண்டை நிற்கிறது. கையில் இருக்கும் போனில் அதே வைஃபை ஜோராக ஓடுகிறது. ஆறு ஏழு வருடம் உழைத்த லேப்டாப் என்றால் உடனே மனசு என்ன சொல்லும்? ‘கார்டு போய்விட்டது.’

எனக்கும் முதல்முறை அப்படித்தான் தோன்றியது. பின்மூடியைத் திறந்து, வைஃபை கார்டைக் கழற்றி மாட்டி, ஒரு திருகைத் தொலைத்து, அரை நாள் வீணடித்தேன். கடைசியில் பார்த்தால் அப்டேட் என் பழைய டிரைவரைத் தூக்கிவிட்டுப் பொதுவான ஒன்றை வைத்திருந்தது. டிவைஸ் மேனேஜரில் ஒரே ஒரு பட்டனை அழுத்தியதும் எல்லாம் பழையபடி வந்துவிட்டது. அந்தத் திருகு மட்டும் இன்றுவரை கிடைக்கவில்லை.

ஒரு ராத்திரியில், அதுவும் சரியாக அப்டேட் ஆன ராத்திரியில், கார்டு தானாகச் சாவது அபூர்வம். பெரும்பாலும் மாறியிருப்பது மென்பொருள்தான். அதனால் கீழே சொல்வதை அதே வரிசையில் செய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து அமைப்புகளை ஒரே மூச்சில் மாற்றிவிட்டு ‘எது சரிசெய்தது, எது கெடுத்தது’ என்று தெரியாமல் விழிப்பதுதான் இந்த வேலையில் எல்லோரும் செய்கிற தவறு.

அப்டேட் ஏன் வைஃபையைக் கெடுக்கிறது?

வைஃபை கார்டுக்கும் விண்டோஸுக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளர் மாதிரி நிற்பதுதான் டிரைவர். கார்டு வெளிவந்து சில வருடங்களில், அதைச் செய்த நிறுவனம் புது டிரைவர் எழுதுவதை நிறுத்திவிடும். ஆனால் விண்டோஸ் மாறிக்கொண்டே இருக்கும். பெரிய அப்டேட் வரும்போது, பழைய டிரைவர் ஒத்துவராது என்று தோன்றினால் விண்டோஸ் தன்னிடம் இருக்கும் பொதுவான டிரைவரை வைத்துவிடும். அது ஓடும், ஆனால் அரைகுறையாக ஓடும். சில நேரம் நேர்மாறாகவும் நடக்கும்: பழைய டிரைவர் அப்படியே இருக்கும், அடியில் விண்டோஸ் மாறியிருக்கும், இரண்டுக்கும் ஒத்துப்போகாது.

இது நம் வீட்டுக் கதை மட்டுமில்லை. 2019இல் விண்டோஸ் 10இன் 1903 பதிப்பு வந்தபோது, குவால்காம் கார்டின் பழைய டிரைவர் இருந்த சில பழைய கணினிகளில் வைஃபை அறுந்து போவதாக மைக்ரோசாஃப்டே அறிவித்தது. தீர்வு, புது டிரைவர். 2023 டிசம்பரில் விண்டோஸ் 11க்கு வந்த ஓர் அப்டேட்டுக்குப் பிறகு, கல்லூரி, அலுவலகம் போன்ற இடங்களின் வைஃபையில் சிலரால் இணைய முடியவில்லை. அங்கே தப்பு அப்டேட்டிலேயே இருந்தது, மைக்ரோசாஃப்ட் அந்த மாற்றத்தைத் திரும்பப் பெற்றது. ஆக, தப்பு இரண்டு பக்கமும் இருக்கலாம். எந்தப் பக்கம் என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

தொடங்கும் முன்: இணையத்துக்கு ஒரு மாற்று வழி

டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும். இந்தச் சுழலில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க, போனை யூஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, போன் செட்டிங்ஸில் ‘யூஎஸ்பி டெதரிங்’ என்பதை ஆன் செய்யுங்கள். வைஃபை கார்டே இல்லாத லேப்டாப்புக்கும் இதில் இணையம் கிடைக்கும். ஆண்ட்ராய்டு போன் என்றால் பெரும்பாலும் தனியாக எதையும் நிறுவவும் வேண்டாம். அந்த ஆண்ட்ராய்டு போனில் வைஃபை ஓடிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் மொபைல் டேட்டாவும் செலவாகாது, போன் தன் வைஃபையையே லேப்டாப்புக்குக் கடத்தும். ரூட்டர் பக்கத்தில் இருந்தால் லேன் கேபிளைச் செருகுங்கள், அது இன்னும் எளிது.

அப்புறம், வைஃபை பாஸ்வேர்டை எங்காவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் ஒரு படி அதை அழித்துவிடும்.

முதல் படி: ஐந்து நிமிடச் சோதனைகள்

வேறொரு கருவியில் அதே வைஃபை வேலை செய்கிறதா என்று பாருங்கள். அதோடு நிறுத்தாமல், போனில் ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பை அதில் இணைத்துப் பாருங்கள். இந்த இரண்டாவது சோதனையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஹாட்ஸ்பாட்டில் இணைந்துவிட்டால் கார்டும் டிரைவரும் உயிரோடு இருக்கின்றன, சிக்கல் ரூட்டருக்கும் லேப்டாப்புக்கும் இடையிலான ஒத்துப்போகாமைதான். பாதி வேலை அங்கேயே முடிந்தது, நேராக நான்காம் படிக்குப் போய்விடலாம்.

அடுத்து, லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட் டவுன் இல்லை, ரீஸ்டார்ட். விண்டோஸ் 8 காலத்திலிருந்து ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்று ஒன்று இருக்கிறது. அது ஆனில் இருந்தால், ஷட் டவுன் செய்யும்போது விண்டோஸ் தன் மையப் பகுதியின் நிலையை அப்படியே ஒரு கோப்பில் எழுதிவைத்துவிட்டு, மறுபடி திறக்கும்போது அதையே எடுத்துப் போட்டுக்கொள்ளும். டிரைவர் குழம்பிக் கிடந்தால் அந்தக் குழப்பமும் கூடவே திரும்பி வரும். ரீஸ்டார்ட்டில் மட்டும்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். முழுமையாக அணைக்க வேண்டுமென்றால் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள்.

ஏர்பிளேன் மோடு ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய லேப்டாப்களில் பக்கவாட்டிலோ முன்விளிம்பிலோ வைஃபைக்கென்றே ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். பையில் வைக்கும்போது நகர்ந்துவிடும், அப்டேட் மேல் பழி விழும். சிலவற்றில் எஃப்என் விசையோடு மேல்வரிசையில் ஆன்டெனா படம் போட்ட விசையை அழுத்த வேண்டும். அந்த விசைகளைக் கவனிக்கும் சிறு மென்பொருளை அப்டேட் சில நேரம் முடக்கிவிடும், அப்போது விசையை எத்தனை முறை அழுத்தினாலும் அசையாது. லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் ‘ஹாட்கீ’ என்ற பெயரில் அது கிடைக்கும், மறுபடி நிறுவிக்கொள்ளலாம்.

இதெல்லாம் சரி என்றால், தேங்கிய மின்சாரத்தை வெளியேற்றிப் பாருங்கள். லேப்டாப்பை முழுமையாக அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பேட்டரி கழற்றக்கூடியதென்றால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். மந்திரம் மாதிரித் தெரியும், ஆனால் காரணம் இருக்கிறது. லேப்டாப் அணைந்திருந்தாலும் வைஃபை கார்டுக்குக் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டே இருக்கலாம், அதனால் கார்டுக்குள் ஓடும் சிறு நிரல் தொங்கிய நிலையிலேயே கிடக்கும். மின்சாரம் முழுதாக அறுந்தால்தான் அது புதிதாக எழும்.

இரண்டாம் படி: டிவைஸ் மேனேஜர் என்ன சொல்கிறது?

விண்டோஸ் விசையையும் எக்ஸ் விசையையும் சேர்த்து அழுத்தினால் வரும் பட்டியலில் ‘டிவைஸ் மேனேஜர்’ இருக்கும். அதில் ‘நெட்வொர்க் அடாப்டர்ஸ்’ என்பதை விரியுங்கள். ‘வயர்லெஸ்’, ‘வைஃபை’, ‘802.11’ இப்படி ஏதாவது சொல் உள்ள வரியைத் தேடுங்கள். இங்கே நீங்கள் காண்பதைப் பொறுத்துத்தான் வழி பிரிகிறது.

வரி இருக்கிறது, அதில் மஞ்சள் முக்கோணமோ கீழ்நோக்கிய சிறு அம்புக்குறியோ இருக்கிறது என்றால், அதன் மேல் இரண்டு முறை சொடுக்குங்கள். ‘டிவைஸ் ஸ்டேட்டஸ்’ கட்டத்தில் ஓர் எண் இருக்கும். பயப்பட வேண்டாம், அந்த எண் நமக்கு உதவிதான். 22 என்றால் யாரோ, அல்லது எதுவோ, அதை முடக்கியிருக்கிறது. வலது சொடுக்கில் ‘எனேபிள்’ கொடுத்தால் போதும். 28 என்றால் டிரைவரே இல்லை. 10 என்றால் டிரைவர் இருக்கிறது, கருவி தொடங்க மறுக்கிறது, அப்டேட்டுக்குப் பின் அடிக்கடி காண்பது இதுதான். 43 என்றால் கருவியே தனக்குச் சிக்கல் என்று விண்டோஸிடம் சொல்லியிருக்கிறது. மேலே சொன்ன மின்சாரம் வெளியேற்றும் வேலை இதற்குச் சில நேரம் கைகொடுக்கும். 39 என்றால் டிரைவர் கோப்பு கெட்டுவிட்டது, அல்லது விண்டோஸ் அதை ஏற்ற மறுக்கிறது.

39க்கு இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் ‘கோர் ஐசலேஷன்’ என்ற பகுதியில் ‘மெமரி இன்டெக்ரிட்டி’ என்று ஒரு காவல் இருக்கிறது. அது ஆனில் இருந்தால் பழைய பாணியில் எழுதப்பட்ட சில டிரைவர்களை உள்ளேயே விடாது. அந்தக் காவலை அணைத்தால் வைஃபை வந்துவிடலாம், ஆனால் பாதுகாப்பு குறையும். காரணம் இதுதானா என்று தெரிந்துகொள்ள மட்டும் அணைத்துப் பார்ப்பேன். ஆமாம் என்றால் வேறு டிரைவர் தேடுவேன், அணைத்தே வைத்திருக்க மாட்டேன்.

வரியே இல்லை என்றால், மேலே ‘வியூ’ பட்டியலில் ‘ஷோ ஹிட்டன் டிவைசஸ்’ கொடுங்கள். மங்கலாகத் தெரிந்தால், முன்பு இருந்தது, இப்போது விண்டோஸ் கண்ணில் படவில்லை என்று பொருள். ‘அதர் டிவைசஸ்’ என்ற தலைப்பில் ‘நெட்வொர்க் கன்ட்ரோலர்’ என்று கேள்விக்குறியோடு ஏதாவது இருந்தால், அதுதான் உங்கள் கார்டு. பெயர் தெரியாமல் நிற்கிறது, டிரைவர் கொடுத்தால் போதும். எங்கேயுமே இல்லையென்றால், லேப்டாப் தொடங்கும்போது, விண்டோஸுக்கும் முன்னால் ஓடும் அடிப்படை மென்பொருளான பயோஸுக்குள் போய் ‘வயர்லெஸ்’ முடக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்டேட்டோடு பயோஸ் அப்டேட்டும் சேர்ந்து வந்திருந்தால் அதன் அமைப்புகள் முதல்நிலைக்குத் திரும்பியிருக்க வாய்ப்புண்டு.

வரி இருக்கிறது, எந்தக் குறையும் காட்டவில்லை, ஆனாலும் வைஃபை வரவில்லை என்றால் ‘சர்வீசஸ்’ திறந்து, வைஃபை இணைப்புகளைக் கவனிக்கும் ‘டபிள்யூலேன் ஆட்டோகான்ஃபிக்’ ஓடுகிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். ‘ஆட்டோமேட்டிக்’ என்று இருக்க வேண்டும், நின்றிருந்தால் ‘ஸ்டார்ட்’ கொடுங்கள்.

மூன்றாம் படி: டிரைவர்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். அப்டேட்டுக்குப் பின் வரும் வைஃபை தொல்லைகளில் பெரும்பகுதி இங்கேதான் தீர்கிறது.

முதலில் ரோல் பேக், அதாவது முந்தைய டிரைவருக்குத் திரும்புவது. டிவைஸ் மேனேஜரில் உங்கள் கார்டைத் திறந்து ‘டிரைவர்’ தாவலுக்குப் போங்கள். டிரைவரின் தேதியையும் பதிப்பு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ‘ரோல் பேக் டிரைவர்’ பட்டன் அழுத்தக்கூடியதாக இருந்தால் அழுத்துங்கள், காரணம் கேட்கும், எதையாவது சொல்லுங்கள். ரீஸ்டார்ட். என் அரை நாளைத் தின்ற சிக்கல் இந்த ஒரு பட்டனில்தான் தீர்ந்தது.

பட்டன் மங்கிக் கிடந்தால் முந்தைய டிரைவரை விண்டோஸ் அந்த இடத்தில் நினைவில் வைத்திருக்கவில்லை என்று பொருள். ஆனாலும் அது கணினிக்குள் வேறு மூலையில் இருக்கலாம். ‘அப்டேட் டிரைவர்’ கொடுத்து, இணையத்தில் தேடு என்பதை விட்டுவிட்டு, ‘பிரவுஸ் மை கம்ப்யூட்டர்’ என்பதையும், அதற்குள் கீழே ‘லெட் மி பிக்’ என்று தொடங்கும் வரியையும் தேர்ந்தெடுங்கள். ஒரே கார்டுக்கு இரண்டு மூன்று டிரைவர்கள், வேறு வேறு தேதியோடு, பட்டியலில் நிற்பதைக் காணலாம். ‘புதியதுதானே நல்லது’ என்று நினைக்காதீர்கள். பழைய கார்டுக்கு, அந்தக் கார்டு பிறந்த காலத்தை ஒட்டிய டிரைவர்தான் பல நேரம் ஒழுங்காக ஓடுகிறது. ஒவ்வொன்றாக வைத்து, ரீஸ்டார்ட் செய்து, பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள்.

இதுவும் உதவவில்லை என்றால் டிரைவரை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும். எந்தக் கார்டு என்று தெரியவில்லையா? ‘டீட்டெய்ல்ஸ்’ தாவலில் ‘ஹார்டுவேர் ஐடிஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். நீளமான ஒரு வரியில் ‘வென்’ என்பதற்கு அடுத்து நான்கு எழுத்துக் குறியீடு இருக்கும், அது கார்டைச் செய்த நிறுவனத்தின் எண். 8086 என்றால் இன்டெல், 14இ4 என்றால் பிராட்காம், 168சி என்றால் அதெராஸ், அதாவது இன்றைய குவால்காம், 10இசி என்றால் ரியல்டெக், 1814 என்றால் ராலிங்க். அடுத்து ‘டெவ்’ என்பதற்குப் பின்னால் வருவது மாடலின் குறியீடு. இந்த இரண்டையும் சேர்த்துத் தேடினால் கார்டின் சரியான பெயர் கிடைத்துவிடும்.

டிரைவரை எங்கிருந்து எடுப்பது? முதலில் லேப்டாப் நிறுவனத்தின் தளம், உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து. அங்கே இல்லையென்றால் கார்டு நிறுவனத்தின் தளம். விண்டோஸ் 11க்கு டிரைவர் இல்லையென்றால் விண்டோஸ் 10க்கு உள்ளதையே முயலலாம், இரண்டுக்கும் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஆனால் விண்டோஸ் 64 பிட் என்றால் டிரைவரும் 64 பிட்டாக இருக்க வேண்டும். ‘உங்கள் எல்லா டிரைவரையும் ஒரே சொடுக்கில் புதுப்பிக்கிறோம்’ என்று கூவுகிற மென்பொருள்களின் பக்கமே போக வேண்டாம். அவை தப்பான டிரைவரைப் போட்டு, கூடவே நாம் கேட்காத நாலு விஷயங்களையும் நிறுவிவிட்டுப் போகும்.

ஓர் எச்சரிக்கை. ‘அன்இன்ஸ்டால் டிவைஸ்’ கொடுக்கும்போது, டிரைவரையும் சேர்த்து நீக்கவா என்று ஒரு சிறு கட்டம் கேட்கும். கையில் நல்ல டிரைவர் தயாராக இருந்தால் மட்டும் அதில் குறியிடுங்கள். இல்லையென்றால் குறியிடாமல் நீக்கி, ரீஸ்டார்ட் செய்யுங்கள், விண்டோஸ் தானே மறுபடி கண்டுபிடித்துக்கொள்ளும்.

நான்காம் படி: கார்டு வேலை செய்கிறது, நம் வைஃபை மட்டும் தெரியவில்லை

பக்கத்து வீட்டுக்காரர்களின் வைஃபை எல்லாம் பட்டியலில் வருகிறது, நம்முடையது மட்டும் இல்லை. இதைப் பார்த்தால் எவருக்கும் எரிச்சல்தான் வரும்.

முதல் சந்தேகம் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. பழைய கார்டுகளில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே அறியும், 802.11என் என்று எழுதியிருந்தாலும் அதற்கு 5 வரும் என்று உறுதியில்லை. ரூட்டரில் 2.4 அணைக்கப்பட்டிருந்தால் அந்தக் கார்டுக்கு உங்கள் வைஃபை இல்லாத ஊர்தான். ரூட்டரில் 2.4க்குத் தனிப் பெயர் கொடுத்து அதில் இணையுங்கள்.

இரண்டாவது, வைஃபை 6. இன்டெலின் சில பழைய கார்டுகளில் பழைய டிரைவர் இருந்தால், 802.11ஏஎக்ஸ், அதாவது வைஃபை 6, ஆனில் உள்ள ரூட்டரின் பெயரே பட்டியலில் வராது. இணையவில்லை என்பது வேறு, இங்கே கண்ணிலேயே படாது. புது டிரைவரில் இன்டெல் இதைச் சரிசெய்துவிட்டது. ஆனால் அப்டேட் உங்கள் டிரைவரைப் பின்னோக்கித் தள்ளியிருந்தால் பழைய நோய் திரும்ப வந்துவிடும். டிரைவர் கிடைக்காவிட்டால், ரூட்டரின் 2.4 பிரிவில் மட்டும் ஏஎக்ஸை அணைத்துப் பாருங்கள்.

மூன்றாவது, சேனல். 2.4 கிகாஹெர்ட்ஸில் 12, 13 ஆகிய சேனல்களைச் சில கார்டுகள் எட்டிப் பார்ப்பதே இல்லை. கார்டு எந்த நாட்டு விதிக்கு அமைக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது அது. ரூட்டர் தானாகச் சேனல் மாற்றுகிற வகை என்றால் ஒருநாள் தெரியும், மறுநாள் தெரியாது. சேனலை 1, 6, 11 இவற்றில் ஒன்றில் நிறுத்திவிடுங்கள்.

பெயர் தெரிகிறது, பாஸ்வேர்டும் சரி, ஆனால் இணைய மறுக்கிறது என்றால் பாதுகாப்பு முறையைப் பாருங்கள். டபிள்யூபிஏ3 2018இல் அறிமுகமானது, அதற்கு முந்தைய கார்டுகள் பலவற்றுக்கு அது தெரியாது. ரூட்டரில் டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று வைத்துப் பாருங்கள். இதற்கு நேரெதிரான நிலையும் உண்டு. ரூட்டர் மிகப் பழையதாக இருந்து டபிள்யூஇபி, டிகேஐபி போன்ற பலவீனமான முறைகளில் ஓடினால் விண்டோஸ் 10இன் 1903 பதிப்பிலிருந்து எச்சரிக்கை வரும், புதிய விண்டோஸ் அவற்றை ஓரங்கட்டிக்கொண்டும் இருக்கிறது. அங்கே மாற வேண்டியது ரூட்டர்தான்.

லேப்டாப்பில் உள்ள பழைய நினைவையும் அழித்துவிடுங்கள். தெரிந்த வைஃபைகளின் பட்டியலில் அந்தப் பெயருக்கு ‘ஃபர்கெட்’ கொடுத்து, பாஸ்வேர்டை முதலிலிருந்து அடித்து இணையுங்கள்.

ரூட்டரில் குறிப்பிட்ட கருவிகளுக்கு மட்டும் அனுமதி கொடுத்து வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ‘ரேண்டம் ஹார்டுவேர் அட்ரஸஸ்’ என்ற அமைப்பு ஆனாகியிருந்தால் உங்கள் லேப்டாப் வேறொரு முகவரியோடு போய் நிற்கும், ரூட்டர் அதைத் தெரியாதவராக நினைத்து விரட்டும்.

ஐந்தாம் படி: இணைந்துவிட்டது, இணையம் இல்லை

செட்டிங்ஸில் அந்த இணைப்பின் ‘பிராப்பர்ட்டீஸ்’ திறந்து ஐபிவி4 முகவரியைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால், ரூட்டர் உங்களுக்கு முகவரியே தரவில்லை, விண்டோஸ் தானாக ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. ரூட்டரை அணைத்துப் போட்டும் மாறவில்லையென்றால், எப்போதோ கைப்பட வைத்த ஐபி அமைப்பு ஏதும் இருக்கிறதா என்று பார்த்து ‘ஆட்டோமேட்டிக்’ ஆக்குங்கள்.

முகவரி சரியாக இருந்தால் கமாண்ட் பிராம்ப்டில் 8.8.8.8க்கு ‘பிங்’ கொடுத்துப் பாருங்கள். பதில் வருகிறது, ஆனால் தளங்கள் திறக்கவில்லை என்றால் பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் பகுதியில்தான் கோளாறு. டிஎன்எஸை 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று வைத்துப் பாருங்கள்.

பழைய லேப்டாப்புக்கே உரிய ஒரு குறும்பையும் சொல்லிவிடுகிறேன். கடிகாரத்தைப் பாருங்கள். உள்ளே இருக்கும் நாணயம் போன்ற சிறு பேட்டரி, பெரும்பாலும் சிஆர்2032, தீர்ந்துபோனால் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். தேதி தப்பாக இருந்தால் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாது என்று உலாவி மறுத்துவிடும். வைஃபை நன்றாக இருக்கும், எந்தத் தளமும் திறக்காது. அப்டேட்டுக்காகப் பலமுறை அணைத்துத் திறந்தபோதுதான் இது வெளியே தெரிந்திருக்கும்.

விபிஎன், ஆன்டிவைரஸ் மென்பொருள்கள் வலைத்தொடர்பின் நடுவே தங்கள் வடிகட்டியைச் செருகி வைத்திருக்கும். பெரிய அப்டேட்டில் அது அறுந்து தொங்கினால் எல்லா இணையமும் நின்றுவிடும். தற்காலிகமாக அணைப்பது போதாது, முழுமையாக நீக்கிவிட்டுப் பாருங்கள், பிறகு வேண்டுமானால் புதிதாக நிறுவிக்கொள்ளலாம்.

எதுவும் கேட்கவில்லையென்றால் ‘நெட்வொர்க் ரீசெட்’. விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்டு இன்டர்நெட், அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ் என்று போனால் இருக்கும். எல்லா அடாப்டரையும் நீக்கி மறுபடி நிறுவும், ஐந்து நிமிடத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆகும். சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள் எல்லாம் போய்விடும், அதனால்தான் தொடக்கத்திலேயே எழுதி வைக்கச் சொன்னேன்.

ஆறாம் படி: வருகிறது, போகிறது, இழுக்கிறது

பேட்டரியில் ஓடும்போது மட்டும் அறுந்தால், அல்லது தூங்கி எழுந்த பிறகு மட்டும் அறுந்தால், மின்சாரச் சிக்கனம்தான் காரணம். கார்டின் ‘பவர் மேனேஜ்மென்ட்’ தாவலில், மின்சாரம் மிச்சம் பிடிக்க இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற குறியை எடுத்துவிடுங்கள். பழைய கன்ட்ரோல் பேனலின் ‘பவர் ஆப்ஷன்ஸ்’ உள்ளே ‘வயர்லெஸ் அடாப்டர் செட்டிங்ஸ்’ இருந்தால் ‘மேக்ஸிமம் பெர்ஃபார்மன்ஸ்’ வையுங்கள். பெரிய அப்டேட்டுகள் இந்த அமைப்புகளை முதல்நிலைக்குக் கொண்டுபோய்விடுவது உண்டு, முன்பே செய்திருந்தாலும் மறுபடி பாருங்கள்.

வேகம் மட்டும் குறைவு என்றால், புளூடூத்தை அணைத்துப் பாருங்கள். பழைய கார்டுகளில் வைஃபையும் புளூடூத்தும் ஒரே கார்டில், ஒரே 2.4 அலைவரிசையில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். யூஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க் செருகியிருந்தால் அதையும் கழற்றிப் பாருங்கள், அதன் இரைச்சல் 2.4 அலைவரிசையில் விழும்.

ஏழாம் படி: அப்டேட்டையே திரும்பப் பெறுவது

செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட், அப்டேட் ஹிஸ்டரி, அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ். சிக்கல் தொடங்கிய நாளின் அப்டேட்டை நீக்கிப் பாருங்கள். விண்டோஸ் பதிப்பே மாறியிருந்தால், 10 நாளுக்குள் ‘ரெக்கவரி’ பகுதியில் ‘கோ பேக்’ கொடுத்து முந்தைய பதிப்புக்குத் திரும்பலாம். 10 நாள் தாண்டினால் பழைய கோப்புகளை விண்டோஸ் தானாக அழித்துவிடும், வழி மூடிவிடும். ஆகவே ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடாதீர்கள்.

நீக்கிய அப்டேட் மறுபடி தானாக வந்து உட்காரும். அதனால் ‘பாஸ்’ (Pause) கொடுத்து அப்டேட்டுகளைச் சில வாரங்களுக்கு நிறுத்தி வையுங்கள். அதையே நிரந்தரமாக்க வேண்டாம். பாதுகாப்பு அப்டேட் இல்லாத லேப்டாப்பை இணையத்தில் விடுவது வைஃபை இல்லாததைவிட மோசம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு

இங்கே கண்டுபிடிப்பது இன்னும் எளிது. அப்டேட்டில் புதுக் கெர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி, வந்தாலும் பழைய கெர்னல் நீக்கப்படாமல் கூடவே இருக்கும். லேப்டாப் தொடங்கும்போது ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் அழுத்தினால் கிரப் என்ற தொடக்கப் பட்டியல் வரும், அதில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ போய் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். அதில் வைஃபை வந்துவிட்டால் குற்றவாளி புதுக் கெர்னல்தான், சந்தேகமே வேண்டாம். அடுத்த கெர்னல் வரும்வரை பழையதிலேயே ஓட்டலாம்.

பிராட்காம் கார்டு என்றால் தனிக்கதை. பல பிராட்காம் கார்டுகளுக்கு வேண்டிய டிரைவர் கெர்னலுக்குள் இருப்பதில்லை, ஒவ்வொரு புதுக் கெர்னலுக்கும் டிகேஎம்எஸ் என்ற கருவி வழியாக மறுபடி கட்டப்பட வேண்டும். அப்படிக் கட்டத் தேவையான கெர்னல் கோப்புகள், அதாவது பொருத்தமான ஹெடர் பொதி, இல்லையென்றால் கட்டுமானம் தோற்றுப்போகும், காலையில் வைஃபை இருக்காது. யூஎஸ்பி டெதரிங் போட்டு, ஹெடர்களை நிறுவி, உபுண்டு என்றால் ‘அடிஷனல் டிரைவர்ஸ்’ திறந்து டிரைவரை எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள். செக்யூர் பூட் ஆனில் இருந்தால் ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும், ரீஸ்டார்ட்டில் நீலத் திரை வந்து அதைக் கேட்கும். அதைப் பார்த்துப் பதறி ‘கன்டின்யூ’ கொடுத்துவிட்டால் டிரைவர் ஏறாது, ‘என்ரோல்’ என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அடிக்கடி அறுந்தால், நெட்வொர்க்மேனேஜர் அமைப்புக் கோப்பில் வைஃபை பவர்சேவ் மதிப்பு 3 என்று இருக்கிறதா பாருங்கள். 3 என்றால் சிக்கனம் ஆன், 2 என்றால் ஆஃப்.

ஆதரவு முடிந்த பழைய மேக்கில் ஓபன்கோர் லெகசி பேட்சர் போட்டு சோனோமா அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பை ஓட்டுபவர்களுக்கு ஒரே வரி: ஆப்பிள் அந்தப் பழைய பிராட்காம் கார்டுகளைக் கைவிட்டுவிட்டது, ஒவ்வோர் அப்டேட்டும் ரூட் பேட்சை அழித்துவிடும், மறுபடி போடுங்கள்.

கடைசியாக, திருகுளியைக் கையில் எடுப்பது

மேலே சொன்ன எதிலும் அசையவில்லை, பயோஸிலும் கார்டு தெரியவில்லை, லினக்ஸை பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்தாலும் கார்டு இல்லை என்கிறது. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் பின்மூடியைத் திறக்க வேண்டும். லேப்டாப்பை அணைத்து, பேட்டரி இணைப்பைத் துண்டித்துவிட்டு, கார்டைக் கழற்றி, தங்கநிறத் தொடுமுனையை மென்மையாகத் துடைத்து மாட்டுங்கள். கருப்பு, வெள்ளை ஆன்டெனா கம்பிகள் எது எங்கே இருந்தது என்று கழற்றும் முன்பே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கார்டு தெரிகிறது, ஆனால் சிக்னல் ரூட்டர் பக்கத்தில் மட்டும் வருகிறது என்றால் இந்தக் கம்பிகளில் ஒன்று கழன்றிருக்கும்.

புதுக் கார்டு வாங்குவதென்றால் மூன்றைப் பாருங்கள். உங்களுடையது மினி பிசிஐஇ வகையா, எம்.2 வகையா? சில பழைய லேப்டாப்கள் பயோஸில் அனுமதித்த கார்டுகளை மட்டுமே ஏற்கும், மற்றதைப் போட்டால் தொடங்கவே மறுக்கும். இன்டெல் கார்டுகளில் ‘சிஎன்விஐ’ என்ற வகை அதற்கென்று செய்யப்பட்ட புதிய இன்டெல் பலகைகளில் மட்டுமே ஓடும். ஏஎக்ஸ்201 அந்த வகை, ஏஎக்ஸ்200 அப்படியில்லை. பெயரில் ஓர் எண்தான் வித்தியாசம், வாங்கியபின் அழ வேண்டியிருக்கும்.

இவ்வளவு மெனக்கெட மனமில்லையா? ஒரு சின்ன யூஎஸ்பி வைஃபை டாங்கிள் போதும். பழைய கார்டை டிவைஸ் மேனேஜரில் ‘டிஸேபிள்’ செய்துவிட்டு டாங்கிளைச் செருகுங்கள். இரண்டையும் ஒன்றாக ஆனில் விட்டால் விண்டோஸ் எதைப் பிடிப்பது என்று தடுமாறும்.

சரியானதும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. இப்போது ஒழுங்காக ஓடுகிற டிரைவரின் நிறுவல் கோப்பை ஒரு பென்டிரைவில் போட்டு, பதிப்பு எண்ணைக் கோப்பின் பெயரிலேயே எழுதி வையுங்கள். ‘அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்’ உள்ளே ‘ஹார்டுவேர்’ தாவலில் ‘டிவைஸ் இன்ஸ்டலேஷன் செட்டிங்ஸ்’ என்பதில் ‘நோ’ கொடுங்கள். விண்டோஸ் தானாக டிரைவர் மாற்றுவது அதோடு முழுக்க நின்றுவிடாது, ஓரளவு குறையும். மீதிக்குத்தான் அந்த பென்டிரைவ்.